வடநெம்மேலியில் குடிபுகுந்தவர்

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கடலும் மணலும் சூழ்ந்த சிற்றூர் வடநெம்மேலி. அங்கு 1976-ஆம் ஆண்டில் முதலைப் பண்ணை நிறுவி, கடலோரத்திலேயே வாழத் தலைப்பட்டார் ரோமுலஸ் விட்டேக்கர். அவர் 1943-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1951-இல் சிறுவராக இந்தியாவிற்கு வந்து கோடைக்கானலில் பயின்றவர். 1975-இல் இந்தியக் குடியுரிமை பெற்றவர்.

கடற்கரையில் வீடமைத்தும் அண்டை வீட்டாரின் பெயரறியாது வாழ்ந்துவிடுதல் எவர்க்கும் எளிது. விட்டேக்கரோ, செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர்க்கு மாணவரானார். வரப்பிலுள்ள எலிவளையின் வாய் சற்றே வழுவழுப்பாயிருப்பின், பாம்பு நுழைந்தமையை இருளர் உணர்வர். உரிந்த சட்டையின் துணுக்கும் எச்சமும் அவர்க்கு ஏடுகளே. இக்கல்வி கல்லூரியிற் கிட்டுவதன்று!

1972-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்துப் பாம்புத்தோல் வாணிகம் ஒடுங்கிற்று. சட்டம் நன்றே, ஆயினும் அவ்வாணிகத்தை நம்பியிருந்த இருளர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. உயிரைக் கொல்லாமலே அவ்வித்தையால் பிழைக்க வழியுண்டா? 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்ற விட்டேக்கர் துணைநின்றார். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சினைக் கறந்தபின், அவற்றை உயிருடன் காட்டில் விடுவர். அந்நஞ்சினைச் சிறிது சிறிதாகக் குதிரைகட்குச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து நச்சுமுறி மருந்து செய்வர். பாம்பு கடித்த உழவர் பலர் பிழைத்தெழுவது இம்மருந்தாலேயாம்.

2018-இல் விட்டேக்கர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2023-இல் அதே விருதினைச் செங்கற்பட்டு மாவட்டத்து இருளராகிய மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பெற்றனர்.