அட்லாண்டிக் கரையோரம் – 6: கேப் காட் கால்வாயில் இலையுதிர்கால மீன்பிடி

கேப் காட் கால்வாய் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு பக்கம் கேப் காட் விரிகுடா, மறுபக்கம் பஸர்ட்ஸ் விரிகுடா. இரண்டையும் இணைக்கும் வெட்டுப்பகுதியின் நீளம் சுமார் 11 கிலோமீட்டர். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை, பொழுது புலருமுன்பே இதன் இரு கரைகளிலும் தூண்டில்காரர்கள் வந்து நின்றுவிடுகிறார்கள். படகு வேண்டாம், படகுக்காரருக்குக் கூலி வேண்டாம். கரைப் பாறையில் நின்று வீசினாலே ஒரு மீட்டர் நீளக் கடல்மீன் மாட்டக்கூடிய இடம் இது. கால்வாய்க்குள் படகில் இருந்து மீன் பிடிக்கத் தடை உண்டு என்பதால், வசதி படைத்தவரும் இல்லாதவரும் ஒரே பாறையில்தான் நிற்கவேண்டும்.

பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர் 1627இல், இன்று போர்ன் என வழங்கும் ஊரில், அப்டக்செட் என்ற வணிகச் சாவடியை அமைத்து டச்சுக்காரர்களோடு வியாபாரம் செய்தனர். கேப் காட் தீபகற்பத்தைச் சுற்றிப்போகும் கடல்வழி கப்பல்களை விழுங்கும் வழியாக இருந்ததால், குறுக்கே கால்வாய் வெட்டிவிடும் யோசனை அந்தக் காலத்திலேயே எழுந்துவிட்டது. அது நிறைவேற ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. ஆகஸ்ட் பெல்மான்ட் என்ற செல்வந்தரின் நிறுவனம் வெட்டிய கால்வாய் 1914 ஜூலை 29 அன்று திறக்கப்பட்டது. சுங்க வருமானம் கட்டுப்படியாகாமல் போக, 1928இல் அரசு அதை வாங்கியது. ராணுவப் பொறியாளர் படை 1930களில் அதை 480 அடி அகலமும் 32 அடி ஆழமும் கொண்டதாக விரிவாக்கியது. பராமரிப்புக்காகக் கரையோரம் போட்ட தார்ச்சாலைகள் இன்று நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரியவை.

இங்கே மீனைக் கொண்டுவந்து சேர்ப்பது நீரோட்டம். கேப் காட் விரிகுடாவில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் சுமார் 9 அடி. பஸர்ட்ஸ் விரிகுடாவில் சுமார் 4 அடி. நீர் உச்சத்துக்கு வரும் நேரமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்று மணி வேறுபடும். மேடான பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்குக் கடல் பாய்கிறது. சுமார் ஆறு மணிக்கொருமுறை திசை மாறுகிறது. ஓட்டம் மும்முரமாக இருக்கையில் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டரையும் எட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு இன்னும் கூடும். அதில் அகப்பட்ட பொடிமீன்கள் தட்டுத்தடுமாறி அடித்துச் செல்லப்பட, பெரிய மீன்கள் அடியிலுள்ள பாறைகளின் மறைவில் காத்திருந்து கவ்வுகின்றன. திசை மாறுமுன் நீர் சற்றுநேரம் அசையாமல் நிற்கும். அந்தத் தேக்கமும் விடியலும் சேர்ந்து வரும் நாட்களுக்காக, தூண்டில்காரர்கள் ஓத அட்டவணையைப் பஞ்சாங்கம் போலப் பார்த்து விடுப்பு எடுக்கிறார்கள்.

எல்லோரும் தேடி வருவது ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனை. உடல்வாகில் நம் கொடுவாயை ஒத்தது. வெள்ளிநிற விலாவில் ஏழெட்டுக் கருங்கோடுகள் தலையிலிருந்து வால்வரை ஓடும். வசந்தத்தில் செசபீக், டெலவேர், ஹட்சன் பகுதி ஆறுகளில் முட்டையிட்டு, கோடையை மெய்ன் மாநிலம் வரையுள்ள குளிர்ந்த கடலில் கழிக்கிறது. பகல் குறுகி நீர் குளிரத் தொடங்கியதும் தெற்கே திரும்புகிறது. அந்த நெடும் பயணத்துக்குமுன் கண்டதையெல்லாம் தின்று கொழுப்பு ஏற்றும். கானாங்கெளுத்தி இனமும், கணவாயும், ஏரிகளிலிருந்து கடலுக்கு இறங்கும் ஹெர்ரிங் குஞ்சுகளும் அப்போது கால்வாயில் மலிந்திருக்கும். பாஸ் மந்தையாகத் தாக்கும்போது நீர்ப்பரப்பு கொதிப்பதுபோல் கலங்க, கடற்காகங்கள் மேலே கூச்சலிடும்.

மிதிவண்டியில் பத்துப் பதினோரு அடிக் கோலைச் செங்குத்தாகச் செருகிக்கொண்டு தூண்டில்காரர்கள் மீன்கூட்டத்தைத் துரத்திப் போகிறார்கள். கரைவிளக்குக் கம்பங்களில் எண் எழுதியிருப்பதால், மீன் எங்கே என்ற செய்தி கம்ப எண்ணாகவே வாய்க்கு வாய் பரவும். நீரோட்டத்தை மீறி இறங்க மூன்று நான்கு அவுன்ஸ் எடையுள்ள போலி இரைகள் வேண்டும். மரத்தில் கடைந்த நல்ல இரை ஒன்றுக்கு இருபது முப்பது டாலர் ஆகிறது. அது முதல் வீச்சிலேயே பாறையில் சிக்கி அறுந்துவிடலாம். புதிதாக வருபவர் விலையுயர்ந்ததை வாங்காமல் சாதாரண ஈயத்தலை ஜிக் இரையில் தொடங்குவதே நல்லது. பாசி வழுக்குவதால் காலணியின் அடியில் உலோக முள் அவசியம். பக்கத்தில் நிற்பவர் வீசிய பின் தாமும் வீசி, இரை ஓட்டத்தோடு இழுபட்டு வரும்போது வரிசையாகச் சுற்றுவது இங்கே எழுதாத சட்டம். மீறினால் பத்துத் தூண்டில் நரம்புகள் பின்னிக்கொள்ளும்; ஏச்சும் கிடைக்கும்.

எழுதிய சட்டங்கள் இன்னும் கடுமை. 16 வயது நிரம்பிய எவரும் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். ஒருவர் ஒருநாளைக்கு ஒரு பாஸ் மட்டுமே வைத்துக்கொள்ளலாம்; 2023இல் வந்த விதிப்படி அது 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்கு உட்பட்டும் இருக்கவேண்டும். உயிர் இரையோ வெட்டிய இரையோ கோத்தால் வட்டமுள்தான் போடலாம். அது குடலில் தைக்காமல் வாயோரத்தில் மாட்டும். இந்தக் கட்டுப்பாடுகள் பட்டறிவில் பிறந்தவை. பாஸையும் காட் மீனையும் வயலுக்கு எருவாகப் போடக்கூடாது என்று மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1639இலேயே விதித்தது. அப்படியும் 1970களின் பிற்பகுதியில் இந்த மீன் அருகிப்போனது. 1984இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் ஐந்தாண்டு இந்த மீனைப் பிடிப்பதையே நிறுத்தியது. 1995இல் இனம் மீண்டதாக அறிவிக்கப்பட்டது. பிறகு வந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு மீண்டும் அபாயத்தைச் சுட்டியது.

விதி கரையில் எப்படி நடக்கிறது என்பதை கால்வாயைக் கடக்கும் சாகமோர் பாலத்தருகே ஒரு விடியலில் காண முடிந்தது. ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரின் கோல் வளைந்தது. நீரோட்டம் மீனுக்குத் துணைபோக, அவர் பாறைக்குப் பாறை தாவி ஐம்பது அடி கூடவே போனார். கரையேறியதும் கையை நனைத்துக்கொண்டு மீனை அளவுநாடாமேல் கிடத்தி, வாலை இரு விரலால் சேர்த்துப் பிடித்தார். 33 அங்குலம். ஒரு சொல் பேசவில்லை. மீனை நீருக்குள் இறக்கி, ஓட்டத்தை எதிர்க்கும்படி முகத்தைத் திருப்பி, அடிவயிற்றைத் தாங்கியபடி காத்திருந்தார். செவுள் சீராக விரிந்து, வால் ஓர் உதறு உதறி மீன் போனது. கண்ணில் படும் தூரத்தில் காவலர் யாருமே இல்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு வேளைக் குழம்பாகும் மீன் அது. சட்டப்புத்தகம் மட்டும் சாதிக்கமுடியாததைத் தூண்டில்காரரின் மனக்கட்டுப்பாடு சாதிக்கிறது. பாஸ் இன்றும் இந்த வழியே வந்துபோவது இத்தகையவர்களாலும்தான்.

அடுத்து மாட்டியது 29 அங்குலம். அதைக் கழுவி இரு பக்கச் சதையையும் வகிர்ந்து எடுத்தவர், தலையையும் முள்ளையும் குப்பைக்கு ஒதுக்கினார். தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இது பொறுக்காத காட்சி. தலையைக் கேட்டதும் அவர் மகிழ்ந்து பனிக்கட்டியோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்று மாலை விடுதி அடுப்பில் அந்தத் தலை புளிக்குழம்பானது. புளியும் மிளகாய்த்தூளும் ஊரிலிருந்து வந்தவை. சின்ன வெங்காயத்துக்குப் பதில் அங்கே கிடைக்கும் ஷாலட். நல்லெண்ணெய் மட்டும் இல்லை. கன்னச்சதை வெண்ணெயாய்க் கரைந்தது. கண்ணைச் சுற்றியிருந்த கொழுப்பு குழம்பின்மேல் பொன்னாகப் படர்ந்தது. கொடுவாயைவிடச் சற்று மென்மை, வாடை குறைவு. மறுநாள் காலை பழங்குழம்பு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள இன்னும் ஒருபடி மேலாக இருந்தது. மீனின் அளவில் இத்தனை நேர்மை காட்டும் ஊர், தலையை வீசுவதை விட்டுவிட்டால் அதன் நேர்மை முழுமையாகும்.

உணவகங்களைப் பற்றி இவ்வளவு சொல்ல இல்லை. மட்டிச் சதை, உருளைக்கிழங்கு, பால் சேர்ந்த கிளாம் சௌடர் குளிருக்கு இதம். நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்று, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, உறைந்த மீனைப் பொரித்துத் தந்து புதுமீன் விலை வாங்கியது. பில்லோடு இருபது சதவீதம் வரை டிப்ஸ் வைக்கும் வழக்கத்தையும் சேர்த்தே செலவைக் கணக்கிடவேண்டும்.

கரைச்சாலை சுத்தமாக இருக்கிறது. கொண்டுவந்த உறையையும் குப்பையையும் பெரும்பாலோர் திருப்பி எடுத்துப்போகிறார்கள். பாறை இடுக்குகளில் அறுந்து கிடக்கும் நைலான் நரம்புதான் குறை. பறவைகளின் காலில் சுற்றும் அந்த நரம்பை எடுத்துப்போவதும் கழிவு அகற்றலின் பகுதியே.

அக்டோபர் முடிவில் பாஸ் மந்தைகள் கடந்துவிடும். அதன்பின் பாறையோரம் நண்டு கோத்து டாட்டாக் என்ற மீனைப் பிடிப்பவர்கள் சிறிதுகாலம் தொடர்வர். நவம்பர் நடுவில் வாடை கடுமையாகி, கரை காலியாகிவிடுகிறது. மீன்பிடிக்க வருபவர் ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே பயண நாளைக் குறிப்பது நல்லது.