ஹார்லெக் பாறையும் பிரான்வென் கதையும்

கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றுதான் நாம் ஹார்லெக்குக்குப் போனோம். ஆனால் திரும்பி வந்தபோது நம் உள்ளத்தில் நின்றது கோட்டையல்ல, ஒரு கொப்பரை! அது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லுகிறோம்.

வேல்ஸ் தேசத்தின் மேற்குக் கரையோரமாக ஒரு ரயில் பாதை செல்கிறது. ஒரு பக்கம் மலை, மற்றொரு பக்கம் ஸமுத்திரம். வண்டி ஹார்லெக் ஸ்டேஷனில் நின்றதும் இறங்கி அண்ணாந்து பார்த்தோம். செங்குத்தான பாறை, அதன் உச்சியில் கிரீடம் சூட்டியதுபோல் கோட்டை. நம்முடன் தம்பியின் குமாரியும் வந்திருந்தாள். லண்டனில் பிறந்து வளர்ந்தவள், வயது பன்னிரண்டு. நாம் தமிழில் பேசினால் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "பெரியப்பா" என்ற ஒரு சொல்லையே நம் பாஷையிலிருந்து அவள் வாய்விட்டுச் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம்.

இந்தக் கோட்டையைக் கட்டியவன் வேல்ஸ் மன்னன் அல்லன். அந்த நாட்டை வென்ற இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு, 1283-ல் தொடங்கி ஆறே வருஷங்களில் இதைக் கட்டி முடித்தான். அந்நாளில் கடல் பாறையின் அடிவாரத்துக்கு அருகிலேயே இருந்தது. இப்போது வெகுதூரம் பின்வாங்கி, இடையில் மணற்குன்றுகளும் புல்வெளியும் கிடக்கின்றன. அடிவாரத்திலிருந்து கோட்டைக்கு 108 படிகள் ஏறிச் செல்கின்றன. நூற்றெட்டு என்றதும் நமக்குக் கை கூப்பத் தோன்றியது! ஆனால் அவை பக்தர்களுக்காக வெட்டிய படிகள் அல்ல. 1294-ல் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து கோட்டையை முற்றுகையிட்டபோது, அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த உணவு இக்கடல் வழியாகத்தான் உள்ளிருந்த படைக்குப் போய்ச் சேர்ந்தது. 1404-ல் ஓவைன் கிளின்டூர் என்னும் வேல்ஸ் வீரன் இதைக் கைப்பற்றி, மறு வருஷம் இங்கே ஜன சபையையும் கூட்டினான். 1409-ல் கோட்டை மறுபடியும் அந்நியர் வசமாயிற்று.

கோட்டை வாசலுக்கு அருகே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஐவர் ராபர்ட்ஸ்-ஜோன்ஸ் என்ற சிற்பி 1984-ல் சமைத்தது. குதிரைமேல் ஒருவன் தளர்ந்த உருவமாக அமர்ந்திருக்கிறான். அவன் முன்னே ஒரு சிறுவனின் உயிரற்ற உடல் கிடக்கிறது. வெற்றி வீரனின் சிலை என்று நினைத்து அணுகிய நாம் திடுக்கிட்டு நின்றோம். "யார் இவர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள் சிறுமி. அருகிலிருந்த கல்லில் உட்கார்ந்து கதையைத் தமிழிலேயே சொன்னோம்.

அவன் பெயர் பிரான். நம் பாஷையில் பிரான் என்றால் தலைவன். அவர்கள் பாஷையிலோ காக்கை! எந்த வீட்டுக்குள்ளும் அடங்காத பேருருவம் படைத்த அவன், பிரிட்டன் தீவு முழுவதற்கும் அரசன். கோட்டை எழுவதற்கு முன்பே வழங்கிய கதை இது. ஒரு நாள் அவன் இந்தப் பாறைமேல் வீற்றிருந்தபோது, அயர்லாந்திலிருந்து 13 கப்பல்கள் வந்தன. அந்நாட்டு மன்னன் மாத்தோலுக், பிரானின் தங்கை பிரான்வென்னை மணம் கேட்டு வந்தான். இரு தீவுகளுக்கும் உறவு ஏற்படட்டும் என்று பிரான் இசைந்தான். ஆனால் தன்னைக் கேளாமல் பெண்ணைக் கொடுத்தார்களே என்று குமுறினான் மாற்றான் சகோதரன் எவ்னிஸியன். விருந்தாளிகளின் குதிரைகளுடைய உதடுகளையும் காதுகளையும் வால்களையும் அறுத்துவிட்டான்.

அவமானத்துக்கு ஈடாகப் பிரான் வெள்ளியும் பொன்னும் புதிய குதிரைகளும் கொடுத்தான். அவற்றுக்கும் மேலாக ஓர் அதிசயக் கொப்பரையையும் கொடுத்தான். போரில் மாண்டவனை அதில் இட்டால் மறுநாள் முன்போலவே போர் புரிய எழுந்துவிடுவான்; ஆனால் அவனுக்குப் பேச்சு மட்டும் இராது.

அயர்லாந்தில் முதல் வருஷம் பிரான்வென்னுக்கு ராணியின் மரியாதை கிடைத்தது. குவெர்ன் என்ற புதல்வனும் பிறந்தான். இரண்டாம் வருஷம் பழைய அவமானத்தை அந்நாட்டார் நினைத்துக்கொண்டார்கள். குதிரைகளுக்குக் குற்றம் செய்தவன் எங்கோ இருக்க, குற்றமற்ற பெண் சமையலறைக்குத் தள்ளப்பட்டாள். நாள்தோறும் இறைச்சி வெட்டுகிறவன் வந்து அவள் கன்னத்தில் அறைவான். மூன்று வருஷம் இந்தக் கொடுமை நடந்தது. அவள் அழுதுகொண்டு வாளாவிருக்கவில்லை. நம் ஊர் மைனாவின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவையை, மாவு பிசையும் தொட்டியின் விளிம்பில் வைத்து வளர்த்தாள். அதற்குப் பேச்சுக் கற்பித்தாள். தன் அண்ணன் எத்தகையவன் என்று அடையாளம் சொன்னாள். சிறகடியில் ஓலையைக் கட்டித் தூது விட்டாள். கிளியையும் அன்னத்தையும் தூது விட்டுப் பாடிய தமிழருக்கு இந்த இடம் மிகவும் பழகிய இடமல்லவா?

ஓலை கண்ட பிரான் கடலில் இறங்கி நடந்தே வந்தான். நதி குறுக்கிட்டபோது தானே பாலமாகப் படுத்துப் படையைத் தன் முதுகின்மேல் நடத்தினான். தலைவனாயிருப்பவன் பாலமாயிருக்க வேண்டும் என்னும் கருத்துள்ள பழமொழி இன்றும் வேல்ஸில் வழங்குகிறது. முடிவில் சமாதானம் ஏற்பட்டு, சிறுவன் குவெர்னுக்கே அயர்லாந்தின் முடியைச் சூட்டினார்கள். அந்தச் சமயத்தில் எவ்னிஸியன் குழந்தையைத் தூக்கி நெருப்பில் எறிந்தான். யுத்தம் மூண்டது. மாண்ட அயர்லாந்து வீரர்கள் கொப்பரையிலிருந்து ஊமைகளாக எழுந்து எழுந்து போரிட்டார்கள். பாவத்தை உணர்ந்த எவ்னிஸியன், பிணம்போல் கிடந்து கொப்பரைக்குள் புகுந்து, உடலை முறுக்கி அதைப் பிளந்தான். அவன் நெஞ்சும் பிளந்தது. பிரிட்டன் படையில் மிஞ்சியவர் ஏழே பேர். நஞ்சு தோய்ந்த ஈட்டியால் காயமுற்ற பிரான், தன் தலையை வெட்டி லண்டனிலுள்ள வெண்குன்றில் புதைக்கும்படி ஆணையிட்டான். தன் பொருட்டு இரண்டு நல்ல தீவுகள் பாழாயினவே என்று பிரான்வென் நெஞ்சு வெடித்து மடிந்தாள். அவள் சமாதி என்று ஆங்கில்ஸி தீவில் அலாவ் நதிக்கரையிலுள்ள கற்குவியலைக் காட்டுகிறார்கள்.

இந்தக் கதையையும் இதுபோன்ற பலவற்றையும் 14-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'ரித்தர்க்கின் வெள்ளைப் புத்தகம்' காத்து வைத்திருக்கிறது. அது அபரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசீய நூல்நிலையத்தில் இருக்கிறது. ஸர் லான்ஸ்லட்டும் வட்ட மேஜையும் இல்லாத பழைய ஆர்தரையும் அதிலேதான் காணலாம். அந்த ஆர்தர் சீப்பும் கத்தரிக்கோலும் காதுகளிடையே தாங்கிய காட்டுப் பன்றியை நாடெங்கும் துரத்துகிறவன். பிரானின் தலை புதைந்திருக்கும் வரையில் அந்நியர் படையெடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. தன் பலம் ஒன்றே நாட்டைக் காக்கப் போதும் என்ற செருக்கினால் ஆர்தர் அதைத் தோண்டி எடுத்துவிட்டான் என்று ஒரு பழம் வரலாறு சொல்கிறது. வீரனைப் போற்றும் ஜனங்கள் அவன் பிழையையும் மறைக்காமல் எழுதி வைத்தது நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

கோட்டை மதில்மேல் நின்றால் வடக்கே, 1,085 மீட்டர் உயரமுள்ள மலைச் சிகரம் தெரிகிறது. இங்கிலீஷில் அதற்கு ஸ்நோடன் என்று பெயர். ஆர்தர் கொன்ற ரீட்டா என்னும் ராட்சசனின் சமாதி அது என்பது ஐதீகம். 'அர் விட்வா' என்னும் பழைய வேல்ஸ் பெயரையே வழங்குவதென்று அங்குள்ள தேசீயப் பூங்கா அதிகாரிகள் 2022-ல் முடிவு செய்தார்கள்.

ஒரு பெயரை மீட்பதற்கு இத்தனை காலமா என்று கேட்கலாம். 1536-ம் வருஷத்துச் சட்டம், வேல்ஸ் பாஷை பேசுகிறவனுக்கு உத்தியோகம் இல்லை என்றது. 19-ம் நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில் தாய் பாஷை பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். உடலில் உயிர் உண்டு. வாயில் பேச்சு இல்லை. கொப்பரையிலிருந்து எழுந்த வீரர்கள் நினைவுக்கு வரவில்லையா? எனினும் அந்த ஜனங்கள் விடவில்லை. 1588-ல் தங்கள் பாஷையில் பைபிளைப் பெற்றார்கள். 1967, 1993, 2011 என்று சட்டத்துக்குமேல் சட்டமாகப் போராடி உரிமை பெற்றார்கள். 2021 ஜனத்தொகைக் கணக்குப்படி அந்தப் பாஷை பேசுகிறவர்கள் சுமார் 5,38,000 பேர். அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. ஆனால் ஹார்லெக் அடங்கிய குவினெத் ஜில்லாவில் நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர் பேசுகிறார்கள்.

மாலையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மாள் தன் பேரனுடன் வேல்ஸில் பேசிக்கொண்டிருந்தாள். நம்மைப் பார்த்து முகமலர்ந்து, "உங்கள் பாஷையில் வந்தனம் சொல்வது எப்படி?" என்று சிறுமியை இங்கிலீஷில் கேட்டாள். சிறுமி நம் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், சொல் எழவில்லை. அவள் கண்கள் கலங்கின. நாமே சொல்லிச் சமாளித்தோம். வெட்கப்பட வேண்டியவள் அவள் அல்லள்; பன்னிரண்டு வருஷமாக அவளுடைய இங்கிலீஷ் பதில்களைக் கேட்டுப் பெருமையுடன் சிரித்த நாம்தான்.

திரும்பும் ரயிலில் அவள் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெள்ள நம் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, அந்தப் பாத்திரத்துக்கு... பேர் என்ன சொன்னீங்க?"

"கொப்பரை" என்றோம்.

"கொப்பரை" என்றாள் அவள். ரகரம் சற்றுத் தடுமாறிற்று. இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாவுத் தொட்டியின் விளிம்பில் பறவைக்கு முதல் சொல்லைக் கற்பித்த பிரான்வென்னை நினைத்துக்கொண்டோம். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இன்னும் நாலு சொற்கள் ஆயின.