கொலுவை விட்டுவிட்டு வராதே

கொல்கத்தா
ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த இரண்டு நாளும் மழையில் நனைந்து வந்த அலுப்பில் தூங்கிப்போனேன். ஆகஸ்டில் இந்த ஊர் அப்படித்தான். இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தால் வடக்குப் பக்கத்துத் தெருக்களில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மழைக்காலத்தில் வரட்டுமா என்று நீ கேட்காததில் எனக்கு நிம்மதி.

டிவியில் கொல்கத்தா துர்கா பூஜையைக் காட்டினார்களாம், யுனெஸ்கோகாரர்களே 2021-இல் அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாம், அதனால் நவராத்திரிக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஹவுரா ஸ்டேஷன் பக்கத்திலேயே ரூம் போட்டுவிட்டால் இறங்கினதும் படுத்துக்கொள்ளலாம் என்பது அத்தானின் யோசனை. இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

அம்மா வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போது லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மாவை அங்கே தங்க வைக்க முடியாது என்று ஹவுரா ஸ்டேஷன் அருகே ஒரு லாட்ஜில் போனிலேயே ரூம் சொல்லிவைத்தேன். ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் ரயில்காரர்களின் சத்தம், இன்னொரு பக்கம் லாரி. சப்தமியன்று சாயங்காலம் பாக்பஜார் அம்மனைப் பார்க்கலாம் என்று டாக்ஸியில் கிளம்பினோம். பாதி வழியில் போலீஸ் மூங்கில் கட்டித் தடுத்துவிட்டார்கள். இறங்கி நடந்தோம். அக்கா, அதைக் கூட்டம் என்று சொன்னால் போதாது. நம் ஊர் ஆனித் தேரில் நான்கு ரத வீதிகளிலும் நிற்கிற ஜனம், ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாக நிற்பதாக நினைத்துக்கொள். இடிக்கவில்லை, தள்ளவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பையன் அம்மாவைப் பார்த்துவிட்டு, "மாஷிமா, இங்கே உட்காருங்கள்" என்று தன் வீட்டு வாசல் ரோக்கில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். ரோக் என்பது நம் திண்ணைதான், பழைய வடக்கு கொல்கத்தா வீடுகளில் இன்னும் இருக்கிறது. திரும்பி வரும்போது ராத்திரி இரண்டு மணி. லாட்ஜ் கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் தூங்கிப்போயிருந்தார். தட்டித் தட்டி எழுப்பினோம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மன் நல்லாத்தான் இருக்கா. ஊருதான் என் காலுக்குத் தோதுப்படலை."

மறுநாள் அஷ்டமி. அம்மா ரூமை விட்டு வரவேயில்லை. நம் வீட்டில் கொலு வைக்காத ஒரே வருஷம் அதுதான். திரும்பிப் போகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் பொம்மைகளெல்லாம் உன் பரணில்தான் இருக்கின்றன. இவர்களுடைய சப்தமி, அஷ்டமி, நவமியும் நம்முடைய கடைசி மூன்று நாட்களும் ஒன்றேதான். நீ இங்கே வந்தால் அங்கே படி கட்ட ஆளில்லை. பூஜையைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கால் திடமாக இருக்கிறவர்கள், ராத்திரி முழுக்கச் சுற்றிவிட்டுக் காலையில் தூங்குகிறவர்கள் வரட்டும். அந்த நாட்களில் மெட்ரோவே விடிய விடிய ஓடும். இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த ஐந்து நாளுக்காகத்தான் வருஷம் பூராவும் காத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரி ஒருத்திக்கு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பின்னால் ஓடத்தான் சரியாக இருக்கும். (இவர்கள் போடுகிற அலங்காரக் கொட்டகைக்குப் பேர் என்ன தெரியுமா? பேண்டல். நம் பந்தல்தான், வெள்ளைக்காரன் வாயில் நுழைந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.)

சரி, எப்போது வருவது? தை அமாவாசை கழிந்த ஐந்தாம் நாள் வசந்த பஞ்சமி. நாம் நவராத்திரியில் செய்கிற சரஸ்வதி பூஜையை இவர்கள் அன்றைக்குத்தான் செய்கிறார்கள். துர்கா பூஜை ஊருடைய திருவிழா என்றால் இது பிள்ளைகளுடைய திருவிழா. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், ஒவ்வொரு சந்து முனையிலும் ஒரு சின்னப் பந்தல், அதற்குள் வெள்ளையாக ஒரு சரஸ்வதி. சின்னப் பெண்கள் அம்மாவின் மஞ்சள் சேலையைச் சுற்றிக்கொண்டு, தடுக்கித் தடுக்கி நடந்து போவார்கள். புத்தகத்தைச் சாமி காலடியில் வைத்துவிட்டால் அன்றைக்குப் படிக்கக் கூடாது, நம்மைப் போலவேதான். குழந்தைக்கு முதல் எழுத்து எழுதிக் காட்டுவதும் அன்றுதான். பூஜை முடியும்வரை இலந்தைப் பழம் தின்னக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. தின்றால் பரீட்சையில் கோட்டை விட்டுவிடுவார்களாம். எங்கள் பிராஞ்ச் மேனேஜர், ஐம்பத்தைந்து வயசுக்காரர், இன்னும் தின்பதில்லை.

குமார்துலியும் அப்போது பார்க்க நன்றாக இருக்கும். கங்கைக் களிமண்ணை வைக்கோல் கூட்டின்மேல் பூசி அம்மன் செய்கிற தெரு அது. துர்கை செய்கிற மாதங்களில் மழைச் சேறும் தார்ப்பாயும் நம்மை உள்ளே விடாது. தை மாதத்தில் சந்தின் இரண்டு பக்கமும் சரஸ்வதிகள் காய்ந்துகொண்டிருக்கும், நின்று பார்க்கலாம். பரணில் பொம்மை வைத்திருக்கிற நீ அங்கிருந்து சீக்கிரம் கிளம்ப மாட்டாய். கிருஷ்ணாநகர் பொம்மை வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறாயே, அதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். சியால்தாவிலிருந்து ரயில், சுமார் 100 கிலோமீட்டர்.

குளிர் இருக்கும். காலையில் 13, 14 டிகிரி வரை போகும். நமக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். இந்த ஊர்க்காரர்கள் அதற்கே குரங்குக் குல்லா போட்டுக் கழுத்தில் மப்ளரையும் சுற்றிக்கொள்வார்கள், சிரித்துவிடாதே. அந்தக் குளிரில்தான் ஈச்சமரம் சீவிப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவார்கள். நொலேன் குர் என்று பேர். அது போட்ட சந்தேஷ் இனிப்பு வெயில் வந்தால் கிடைக்காது. கருப்பட்டி தின்று வளர்ந்த நாக்கு நம்முடையது, நீ வந்து தின்று பார்த்து எது உசத்தி என்று சொல். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

புத்தகக் கண்காட்சியும் ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில்தான் வரும். அத்தானை அதற்குள் விட்டுவிட்டால் நாம் நிம்மதியாகக் கரியாஹாட்டில் சேலை பார்க்கலாம். சில வருஷம் இரண்டும் ஒன்றாக அமையும். அமையாவிட்டால் பஞ்சமியைப் பிடி, புத்தகத்துக்குக் காலேஜ் ஸ்ட்ரீட் எப்போதும் இருக்கிறது.

இனி தங்குவது. அத்தானிடம் முதலில் இதைச் சொல்: கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சில வருஷங்களாக ஹவுராவுக்கே வருவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து வித்யாசாகர் பாலம் ஏறினால் தெற்குப் பக்கத்துக்கு வந்துவிடலாம். அதனால் ஸ்டேஷன் பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹவுரா பாலத்தையும் அதன் கீழே இருக்கிற பூச்சந்தையையும் ஒரு நாள் விடிகாலை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்காக அங்கே படுக்க வேண்டியதில்லை.

சால்ட் லேக், நியூ டவுன் பக்கம் புது ஹோட்டல்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் அங்கே தங்கினால் சென்னையில் ஓ.எம்.ஆரில் தங்கிவிட்டு மயிலாப்பூரைப் பார்த்தேன் என்று சொல்வது போலத்தான். மியூசியத்துக்குப் பக்கத்தில் சதர் ஸ்ட்ரீட் இருக்கிறது, முதுகுப் பையோடு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஏற்றது. பார்க் ஸ்ட்ரீட்டில் வாடகையைக் கேட்டால் அத்தானுக்குப் பிரஷர் ஏறும்.

லேக் மார்க்கெட்தான் உனக்குச் சரி. பல தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிற இடம். கறிவேப்பிலை, வாழை இலை, முருங்கைக்காய், கட்டின மல்லிகை எல்லாம் வாசலில் கிடைக்கும். இட்லிக்கு அலைய வேண்டாம். இதைச் சாதாரணமாக நினைக்காதே. பருப்பிலேயே மீன் தலையைப் போட்டுச் சமைக்கிற ஊர் இது, சுரைக்காய்க் கூட்டில் இறால் இருக்கும். வெளியே சாப்பிட்டால் "நிராமிஷ்" என்று கேட்டு வாங்க வேண்டும், அப்போதும் கடுகெண்ணெய் வாசனை தப்பாது. காளிகாட் மெட்ரோவும் நடக்கிற தூரம். அந்த ஒரே லைனில் மியூசியம், காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம், குமார்துலிக்கு ஷோபாபஜார், கடைசியில் தட்சிணேஸ்வரம். ராணி ராஸ்மணி கட்டிய காளி கோவிலில் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே படகில் பேலூர் மடத்துக்குப் போகலாம். மியூசியமும் விக்டோரியா மெமோரியலும் திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்றைக்குக் காளிகாட் வைத்துக்கொள்வோம்.

என் வீட்டில் தங்கச் சொல்லாமல் லாட்ஜைப் பற்றி எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றும். மூன்று நாளாக இதை எப்படி எழுதுவது என்றுதான் யோசித்தேன். நான் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, படி உயரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினால் உன் முழங்கால் மறுநாள் உன்னை எழுந்திருக்க விடாது. அம்மா விஷயத்தில் பண்ணின தப்பை உன்னிடமும் பண்ண நான் தயாராக இல்லை. என் தெருவிலேயே லிஃப்ட் இருக்கிற ஒரு லாட்ஜைப் பார்த்துவைத்திருக்கிறேன். நேரில் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன், பாத்ரூமில் வழுக்குகிறதா என்று நடந்தும் பார்த்தேன். கோல்பார்க் ராமகிருஷ்ண மிஷன் விருந்தினர் விடுதிக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். அங்கே இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கே தங்கினாலும் ராத்திரி நானும் உன் கட்டிலில்தான் படுப்பேன், அத்தான் தனி ரூமுக்குத் தயாராக இருக்கட்டும்.

தை அமாவாசைக்கு அத்தான் பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு மறுநாள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். தாம்பரத்தில் சித்தி வீட்டில் ஒரு நாள். அடுத்த நாள் காலை சென்ட்ரலில் கோரமண்டல், மறுநாள் முற்பகலில் ஷாலிமார். நான் பிளாட்ஃபாரத்தில் நிற்பேன். விடிந்தால் பஞ்சமி. டிக்கெட் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், தேதியை இப்போதே எண்ணிக் காலண்டரில் குறித்துவைக்கச் சொல். உனக்கு லோயர் பெர்த் கேட்கச் சொல். வரும்போது உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொண்டு வா.

உன் அன்புத் தங்கை