சக்கரம் நின்ற கதவு

திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில், மூன்றாம் மாடியில் வசிக்கும் முதிய தம்பதியர் வீட்டுக்கு, அலுமினியக் கதவு வேலை செய்யும் இருவரோடு காலை ஏழரை மணிக்கே நான் போய்ச் சேர்ந்தேன். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று வழியில் கேட்டதற்கு, "மத்தியானம் கடக்காத்து ஏறிடும் சார். கழட்டின கண்ணாடியைக் காத்து தள்ளிச்சுன்னா ரெண்டு பேரு புடிச்சாலும் நிக்காது" என்றார் மூத்தவர். கருவிப் பையைத் திறக்கு முன்னரே காற்றின் வேளையைக் கணக்கிட்டுக் கொண்ட அந்த விவேகம், அவருடைய வேலையை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்ற என் ஆவலை இன்னும் வளர்த்தது.

பால்கனிக்குத் திறக்கும் அந்த ஸ்லைடிங் கதவு ஆறு மாதமாக இறுகிக் கிடந்தது. மூட்டுவலியுள்ள அம்மையார் இரு கைகளாலும் அதை இழுத்துத் திறந்து, தினந்தோறும் துளசிக்குத் தண்ணீர் விட்டு வந்தார். முன்பு வந்து பார்த்த ஒருவரோ, கதவு முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். மூத்தவர் திருப்புளியைத் தொடவில்லை. கதவை ஒரு சாண் தள்ளினார், இழுத்தார், தலையைச் சாய்த்து அந்தக் கரகரப்பைக் கேட்டார், பிறகு குனிந்து, அடியிலுள்ள தண்டவாளத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரோலர்தான் செத்துப்போச்சும்மா. டிராக்குக்கு இன்னும் உசிரு இருக்கு" என்றார்.

ஷட்டர் என்று அவர்கள் சொல்லும் கதவுப் பலகையின் பாரத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ எடையுள்ளது. ஆகவே மூன்றடி அகலமும் ஏழடி உயரமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 29 கிலோ. அலுமினியச் சட்டம் அதற்கு மேல். அத்தனையையும் அல்லும் பகலும் சுமப்பவை, அடிச்சட்டத்துக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் கிடக்கும் இரண்டு சிறு ரோலர்கள்.

கழற்றும் கிரமத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல்சட்டத்தின் பள்ளம் ஆழமானதாகையால், கதவை முதலில் அதற்குள் உயர்த்தி, அடிப்பக்கம் தண்டவாளத்தை விட்டு நீங்கிய பின்னரே முன்னால் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து திருடன் தூக்கிவிடாதபடி மேலே திருகியிருந்த சிறு தடைக்கட்டையை இளைஞன் ஸ்டூலில் ஏறி அகற்றினான். பின்னர் இருவரும் இரு பக்கமும் நின்று, "தூக்கு தம்பி... இன்னும் கொஞ்சம்... இப்போ அடியை இழு" என்ற மூத்தவரின் தணிந்த குரலுக்கு இசைய அசைந்தார்கள், கதவு ஓசையின்றி மடித்த சாக்கின்மேல் வந்து நின்றது. பதப்படுத்திய கண்ணாடி நடுவில் அடி தாங்கும். அதன் ஓரம் டைல்ஸில் இடித்தாலோ முழுவதும் பொடிப்பொடியாய் உதிர்ந்துவிடும். சாக்கு அதற்காகத்தான். நிமிர்ந்து நின்ற அக்கண்ணாடி வழியே கடலைப் பார்த்தேன். அடிவானக் கோடு எங்கும் நெளியவில்லை. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு இப்படிச் சமனாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. இன்று நமது ஸ்ரீபெரும்புதூரிலேயே அம்முறையில் கண்ணாடி செய்கிறார்கள்.

அடிச்சட்டத்தைப் பிரிப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இரும்புத் திருகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், மின்கலத்தில் நிகழ்வது போன்ற வினை அங்கே நிகழ்ந்து அலுமினியம் அரிபடுகிறது. திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இளைஞன் பலத்தைப் பிரயோகிக்கப் போனான். மூத்தவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு திருகிலும் ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். திருகின் தலை மழுங்கிவிட்டால் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதை அறிந்தவருக்கு அந்தக் காத்திருப்பும் வேலைதான்.

வெளியே வந்த ரோலரை என் உள்ளங்கையில் வைத்தார். நைலான் சக்கரம், நடுவிலிருந்த பேரிங் துருவேறிக் கல்லாய் இறுகியிருந்தது. உருளாமல் இழுபட்டே வந்ததால் சக்கரம் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, அந்தத் தட்டையில் மணல் பதிந்து உப்புத்தாள்போல் சொரசொரத்தது. அது ஆறு மாதமாக எதைத் தேய்த்தது என்பதையும் காட்டினார்: தண்டவாளத்தின் முதுகில் மெல்லிய, பளபளப்பான ஒரு கீறல். "இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருந்தா டிராக் போயிருக்கும் சார். அது போச்சுன்னா ஃப்ரேமைப் பேக்கணும், செவுத்தைக் கொத்தணும்."

முழுவதும் இரும்பாலான சக்கரம் நெடுநாள் உழைக்கும். ஆயினும் அவர் அதை வாங்குவதில்லை. இரும்பு உழைக்கும்போது அலுமினியத் தண்டவாளம் தேய்கிறது. எளிதில் மாற்றக்கூடியதே தேயட்டும் என்று, துருப்பிடிக்காத எஃகு பேரிங் பதித்த நைலான் சக்கரத்தைப் பழையதன் பள்ளத்தோடு ஒப்பிட்டுப் பொருத்தினார். எதைத் தேயவிடுவது என்பதைத் தீர்மானிக்கும் இந்த ஞானத்துக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். ரோலரின் விலையைச் சொல்லிக் கூலியைக் குறைக்கச் சொல்வது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம்; அவருடைய இடக்கைப் பெருவிரலில் குறுக்கே ஓடும் கண்ணாடி வெட்டின் தழும்பைப் பார்த்த பிறகு அது இன்னும் உறுதிப்பட்டது.

பத்து மணிக்குள் கதவு தன் இடத்தில் நின்றது. அம்மையார் ஒரு கையில் செம்பை ஏந்தியபடியே மறுகையால் அதைத் தள்ளிக்கொண்டு துளசியிடம் போனார்.

உங்கள் வீட்டுக் கதவு கரகரத்தால் தண்டவாளத்தில் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் மணல் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பிரஷ்ஷால் தண்டவாளத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். அப்படியும் சத்தம் நிற்காவிட்டால், இழுத்துப் பழகிக்கொள்ளாமல் அந்த வாரமே ஆளைக் கூப்பிடுங்கள்.