பிலாத்துவின் பெயர் எதற்கு?

எங்கள் கோவிலில் திடப்படுத்தல் வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. வருகிறவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது இவர்களுக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பதில் சொன்னார்கள். பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிக்கும் நாளில் அந்தப் பதிலை இவர்களே தம் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் திருவிருந்து. சபை ஊழியனாக இருபத்தாறு ஆண்டுகளாக இந்த வகுப்பை எடுத்துவருகிறேன். வகுப்பில் முக்கால்வாசி அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம்தான்.

முதல் சில வருடங்கள் மனப்பாடத்தையே அளவாக வைத்திருந்தேன். தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒப்பித்தால் தேறியாயிற்று. பிள்ளைகளுக்கு அது சிரமமே இல்லை; ஞாயிறுதோறும் ஆராதனையில் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிப்போன ஒன்று. அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் பாதியில் நிறுத்தினான்.

"ஐயா, பிலாத்து கெட்டவந்தான? அவன் பேர ஏன் வாராவாரம் கோவில்ல சொல்லுதோம்? பேதுரு பேரு, பவுல் பேரு ஒண்ணுமே வரலியே?"

அவன் கேட்ட பிறகுதான் நானே எண்ணிப் பார்த்தேன். அந்தப் பிரமாணத்தில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர்கள். ஒன்று அவரைப் பெற்ற மரியாள். மற்றொன்று அவருக்கு மரண தண்டனை கொடுத்த பொந்தியு பிலாத்து. அன்று பதில் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமைக்காகத் தேடிப் படித்தேன். சொல்லிக்கொடுக்கும் வேலையை நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

பிலாத்து, திபேரியு இராயன் காலத்தில், கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் ரோமின் ஆளுநராக இருந்தவன். 1961இல் மத்தியதரைக் கடலோரத்துச் செசரியாவில் தோண்டியபோது, பழைய அரங்கம் ஒன்றில் படிக்கல்லாகப் போட்டிருந்த கல்லில் அவன் பெயர் இலத்தீன் எழுத்தில் கிடைத்தது. அந்தக் கல் இப்போது எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று தொடங்கும் கதைக்குத் தாசில்தார் பெயர் தேவையில்லை. பத்திரத்துக்குத் தேவை. இன்ன அதிகாரி இருந்த காலத்தில், இன்ன இடத்தில், இது நடந்தது என்று எழுதிக் கையெழுத்திடுகிறோம். கிறிஸ்தவ விசுவாசம் நல்ல கருத்துகளின் தொகுப்பாக மட்டும் இருந்திருந்தால் பிலாத்துவை எப்போதோ மறந்திருக்கலாம். அது நடந்த ஒன்றைப் பற்றியது. அதனால் அவன் பெயர் நிற்கிறது.

அதிலிருந்து வினைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதும் வழக்கம் வந்தது. பிறந்தார், பாடுபட்டார், மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், இறங்கினார், எழுந்தார், ஏறினார், வீற்றிருக்கிறார், வருவார். இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்தைத் தொட்டு எதிர்காலத்தில் முடிகிற வரிசை. ஒரு வாரத்துக்கு ஒரு வினை. அவசரப்படக் கூடாது.

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுப்பது 'பாடு' என்ற சொல். "பாடுபடுறதுன்னா என்ன?" என்று கேட்டால் பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள்: "எங்கம்மா பீடி சுத்திப் பாடுபட்டுத்தான் எங்களப் படிக்க வைக்காவ." அவர்கள் சொல்வது சரியான தமிழ். கோவில் தமிழில் அது துன்பப்படுவது. வீட்டுத் தமிழில் உழைப்பது. நான் இரண்டையும் பிரிப்பதில்லை. யாருக்காகவோ உடம்பு நோக உழைக்கிற தாயின் பாடு அவர்களுக்குக் கண்கூடாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு கல்வாரிக்குப் போனால், தமக்காக ஒருவர் பட்ட பாடு என்பது பிள்ளைகளுக்கு அந்நியமாக இருப்பதில்லை.

பாவம் என்ற சொல்லும் அப்படித்தான். அடிபட்ட நாயைப் பார்த்தால் "ஐயோ பாவம்" என்பார்கள். குற்றத்தையும் இரக்கத்தையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழி நம்முடையது. பாவமன்னிப்பைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

'ஆவி' மட்டும் தொல்லை கொடுக்கும். பிள்ளைகளுக்கு முதலில் பேய்தான் நினைவுக்கு வரும். எபிரெயத்தில் ரூவாக், கிரேக்கத்தில் ப்நூமா. இரண்டுக்குமே காற்று, மூச்சு என்று பொருள் உண்டு. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் வருவதும் நமக்கு ஆவி, உயிரும் ஆவி என்று சொல்லிப் பயத்தைப் போக்கிவிட்டுத்தான் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிப் பேசவே முடியும்.

சொற்கள் மாறும் என்பதையும் சொல்லிவிடுவேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு கடவுளைச் சர்வேசுரன் என்று எழுதினார். அவருக்குப் பின் வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871இல் வந்த வேதாகமத்தில் தேவன். இன்று கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் கடவுள். ஆர்.சி. பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் 'நம்பிக்கை அறிக்கை' என்று கேட்டிருப்பார்கள். பெயர்தான் வேறு, அறிக்கை ஒன்றே.

அந்த வினை வரிசையில் ஒரு குறையும் உண்டு. பிறந்தார் என்றவுடன் பாடுபட்டார். நடுவில் அவர் நோயாளியைத் தொட்டது, ஆயக்காரன் வீட்டில் சாப்பிட்டது, மலையில் உட்கார்ந்து போதித்தது ஒன்றும் இல்லை. கவனமுள்ள ஒரு பிள்ளையாவது ஒவ்வொரு வருடமும் இதைக் கேட்கும். கேட்காவிட்டால் நானே கேட்பேன். அந்த இரண்டு சொற்களுக்கு இடையில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டு, மூன்று வாரம் மாற்கு சுவிசேஷத்தை வாசிப்போம். பிரமாணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்வேன். அது ஞானஸ்நானத்துக்காகப் பிறந்தது. ஆதிச் சபையில் தண்ணீருக்குள் நிற்கிறவரிடம் பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று மூன்று கேள்வி. மூன்று முறை "விசுவாசிக்கிறேன்". மூன்று முறை முழுக்கு. இப்போதைய வாசகம் நிலைபெற்றது ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில். பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆளுக்கொரு வாக்கியம் சொன்னார்கள் என்பது பழைய கதை. அதைக் கதை என்றே சொல்லிக்கொடுக்கிறேன்.

திரித்துவத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்துகொண்டிருந்தேன். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணம். எல்லா ஓய்வுநாள் பள்ளியிலும் சொல்வார்கள். அது, ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டுகிறார் என்று ஆக்கிவிடும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு சொன்னதாகச் சபை தள்ளிய போதனை அதுதான். தேங்காயின் மட்டை, ஓடு, பருப்பு என்றால் கடவுளை மூன்று துண்டாக்கியாயிற்று. இப்போது உதாரணமே சொல்வதில்லை. யோர்தான் கரைக்கு அழைத்துப்போகிறேன்: குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப் போல் இறங்குகிறார், பிதாவின் குரல் கேட்கிறது.

கூடவே நிசேயாவையும் சொல்கிறேன். 325இல், இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்ற ஊரில் கூடிய சங்கம். அலெக்சாந்திரியாவின் ஆரியு என்ற மூப்பர், குமாரன் எல்லாப் படைப்புக்கும் மேலானவர், ஆனாலும் படைக்கப்பட்டவர் என்றார். சங்கம் இல்லை என்றது. பிதாவின் அதே தன்மை குமாரனுக்கும் உண்டு என்று அறிக்கை செய்தது. பிள்ளைகளிடம் கேட்பேன்: "நீ கெணத்துல விழுந்து கெடக்க. ஒங்கப்பா மேல நின்னுக்கிட்டு வேலையாள உள்ள எறக்குதாரு. அது ஒண்ணு. ஒங்கப்பாவே குதிக்காரு. அது ஒண்ணு. சிலுவையில நடந்தது எது?" யோசிக்க நேரம் கொடுத்தால் போதும். நிசேயா எதற்காகச் சண்டை போட்டது என்று அவர்களுக்கே விளங்கும்.

இனி, நான் சொல்லத் தயங்குகிற இடம். முன்பு ஊழியம் செய்த ஒரு சபையில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி. எல்லாரும் ஒரே பதிவேட்டில் பெயருள்ள சபையார். அங்கே வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவள் தகப்பனார் அந்த வருடம்தான் இறந்திருந்தார். சரீரம் உயிர்த்தெழுதல் என்ற இடம் வந்தபோது கேட்டாள்.

"ஐயா, எங்கப்பாவுக்கு ஒரு காலு சூம்பியிருக்கும். அன்னைக்கு அந்தக் காலோடயா எந்திரிப்பாவ?"

ஆத்துமா மோட்சத்துக்குப் போகும் என்று சொல்லி நான் கடந்திருக்கலாம். பிரமாணம் அதைச் சொல்லவில்லை. சரீரம் என்கிறது. அவள் தலையைத் தடவிய, சூம்பிய காலோடு சைக்கிள் மிதித்த, அவள் அறிந்த அந்த உடம்பைப் பற்றி அது பேசுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது விதைத்த தானியத்தைச் சொல்கிறார். நான் பனங்கொட்டையைச் சொன்னேன். மண்ணில் புதைத்தால் முதலில் கீழேதான் இறங்கும், கிழங்கு கட்டும், அப்புறம் குருத்து மேலே வரும். புதைத்தது கொட்டை, வருவது மரம். ஆனால் அதே பனை. உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் தழும்பு இருந்தது, தோமா பார்த்தார். ஆனால் அது அவரை நோகச் செய்யவில்லை. "ஒங்கப்பாவ நீ பாத்தா அடையாளம் தெரியும். நடக்கும்போது அவருக்கு நோகாது." இதுவரைக்கும் எனக்குச் சொல்ல உரிமை இருந்தது, சொன்னேன்.

அவள் அடுத்ததையும் கேட்டாள். "அப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் கெடக்கவங்களும் ஒண்ணாத்தான எந்திரிப்பாங்க? நடுவுல எதுக்குச் சுவரு?"

"அது பெரியவங்க விஷயம்மா" என்றேன்.

இரண்டு வரி முன்னால்தான் பரிசுத்தவான்களின் ஐக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். 'பொதுவான' சபை என்றால் ஆர்.சி. சபையா என்று கேட்ட பையனுக்கு, எல்லா இடத்துக்கும் எல்லா மனிதருக்கும் உரிய ஒரே சபை என்று விளக்கியிருந்தேன். 1947 செப்டம்பர் 27இல் நான்கு மரபுச் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உண்டானதையும், அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயாப் பிரமாணமும் அந்த ஐக்கியத்தின் அடிப்படைகளில் அடங்கும் என்பதையும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். எல்லாம் சொல்லிவிட்டு, ஒரு சுவருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டேன். நான் சொன்ன பதில் பாவம். அதற்கு மென்மையான வேறு சொல் தேடக் கூடாது. மறு ஞாயிறு ஆராதனையில் 'பாவமன்னிப்பும்' என்று சொல்லும்போது குரல் எழும்பவில்லை.

இன்று யாராவது அதைக் கேட்டால், அந்தச் சுவர் விசுவாசப் பிரமாணத்துக்கு விரோதமானது, அதைக் கட்டினவர்களும் காப்பவர்களும் ஞாயிறுதோறும் தாம் அறிக்கை செய்வதைத் தாமே மறுக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன். சபைக் கமிட்டியிலும் சொல்லியிருக்கிறேன். அந்த ஊர்ச் சுவர் இன்னும் நிற்கிறது. ஈஸ்டர் விடியற்காலையில் மெழுகுவர்த்தியோடு வருகிறவர்கள் இரண்டு வாசல் வழியாக உள்ளே போகிறார்கள்.

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் அப்படி ஒரு சுவர் இருந்தால், அடுத்த ஈஸ்டருக்கு முன்னால் இடித்துவிடுங்கள். அந்த வருடத்துத் திடப்படுத்தல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லை அவர்களும் சுமக்கட்டும்.