மாமாவின் பக்கம்

மார்ச் மாதம் வந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு போர் நடக்கும். வியாழக்கிழமை காலையில் தொடங்கிச் சனிக்கிழமை பின்னேரம் முடிந்துவிடும். யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். ஊர்ப் பத்திரிகைகள் 'வடக்கின் பெரும் போர்' என்று கொட்டை எழுத்தில் போடும். உண்மையான போர் நடந்த ஊரில் பள்ளிக்கூடப் பையன்களின் ஆட்டத்துக்கு இந்தப் பெயர் இன்னமும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சிங்கப்பூர் நண்பர்கள் கேட்பதுண்டு. நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டில் ஆட்டம்தான் மூத்தது. 1904இல் தொடங்கியது.

நான் பாசிர் ரிஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஜோனியன். அம்மாவின் அண்ணா, என் மாமா, மத்திய கல்லூரி. எங்கள் வீட்டு உச்சரிப்பில் சென்றல். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து மார்ச் முதல் வாரம் எங்கள் வீட்டு வரவேற்பறை இரண்டாகப் பிரிந்துவிடும். சிவப்பும் கறுப்பும் ஒரு பக்கம், நீலம் மறுபக்கம். அம்மா வேம்படி. "மூண்டு நாளும் உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தினதுதான் நான் விளையாடின மட்ச்" என்பார்.

இரண்டு பள்ளிகளையும் பற்றிக் கொஞ்சம். சென்றல் 1816இல் வெஸ்லியன் மிஷனரிகள் தொடங்கியது. சென். ஜோன்ஸ் 1823இல் ஆங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ். தொடங்கியது. சென்றலுக்குச் சகோதரிப் பள்ளி வேம்படி, ஜோன்ஸுக்குச் சுண்டிக்குளி. ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சைக்கிளில் போய்விடலாம். ஆங்கிலேயச் சபைகள் இரண்டுக்கு இடையில் இருந்த ஏதோ ஒரு பழைய பூசல், சபைகளே மறந்துபோன பிறகும், திருநீறு பூசிய பிள்ளைகளின் கையில் மட்டையாகவும் பந்தாகவும் மிஞ்சியிருக்கிறது. அப்பாவும் மாமாவும் சைவர்கள். அவர்களிடம் மெதடிஸ்டுக்கும் ஆங்கிலிக்கனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் சென்றல்காரனுக்கும் ஜோனியனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் இரவு பத்து மணி வரைக்கும் சொல்வார்கள்.

வடக்கில் இப்படி வேறு 'போர்'களும் உண்டு. சென். பற்றிக்ஸுக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையே பொன்னணிகளின் போர். யாழ். இந்துவுக்கும் கொக்குவில் இந்துவுக்கும் இடையே இந்துக்களின் போர். கொழும்பில் ரோயல் - தோமியன். எங்கள் வீட்டில் அவையெல்லாம் சும்மா ஆட்டங்கள்.

அப்பாவும் மாமாவும் எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்தவர்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகை அறை. முதல் நாள் கட்டில் பிடிப்பதிலேயே நீ எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டு, பதில் கேட்டு, முகம் சுருக்கியிருக்கிறார்கள். பிறகு ஆறு வருடம் அதே அறை. பிறகு அப்பா மாமாவின் தங்கையையே கட்டினார். "உவன் என்ரை அறையையும் பிடிச்சான், தங்கச்சியையும் பிடிச்சான், மட்ச்சை மட்டும் பிடிக்க விடமாட்டன்" என்பது மாமாவின் நிரந்தரப் பகிடி. சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா பந்து போடுவார். பாலஸ்தியர் சாலையில் இப்படி ஒரு பச்சைத் துண்டு இருப்பது அந்த வழியாகப் பேருந்தில் போகிற பலருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் முன்னோட்டம் என்பது ஒரு கடித உறை. ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு இருவரும் தனித்தனித் தாளில் எழுதுவார்கள்: நாணயச் சுழற்சி யாருக்கு, முதல் இன்னிங்ஸ் எத்தனை, முடிவு என்ன. ஒட்டி, சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை ஸ்டம்ப் பிடுங்கிய பிறகுதான் பிரிக்கலாம். தோற்றவர் கொத்து ரொட்டி வாங்க வேண்டும். அப்பா ஒவ்வொரு வருடமும் முழுப் பக்கம் எழுதி, முடிவில் 'வெற்றி தோல்வியின்றி' என்று போடுவார். மாமாவின் தாளில் இரண்டே சொல். 'சென்றல் வெல்லும்.' நாணயமும் ஓட்டமும் அவருக்குத் தேவையில்லாத விவரங்கள்.

கணக்குப் பார்த்தால் அப்பாவின் முறைதான் சரி. மூன்று நாளில் நான்கு இன்னிங்ஸ் முடிக்க வேண்டும். அதற்கு யாராவது துணிந்து சீக்கிரம் டிக்ளேர் செய்ய வேண்டும். பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஒரு தலைவன் அதை எளிதில் செய்யமாட்டான். மாமாவே சொன்ன காரணம்: "தோத்த கப்டனுக்கு அறுபது வயசிலை கலியாண வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதைதான்." அதனால் வெல்வதைவிடத் தோற்காமல் இருப்பது பெரிதாகிவிடுகிறது. இருநூறு அடித்த பிறகும் இன்னும் முப்பது இருக்கட்டும் என்று நிற்பார்கள். அந்த முப்பதுக்குப் போகிற நேரம் சனிக்கிழமை பின்னேரம் இல்லாமல் போகும். ரோயல் - தோமியனிலும் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

இரண்டாவது, பயம். வருடம் முழுக்க நாலு ஆசிரியர்களும் ஒரு நாயும் பார்க்க விளையாடிய பையன், அன்று காலையில் ஆயிரக்கணக்கான பேர் நடுவில் மட்டையோடு இறங்குகிறான். பழைய மாணவர்கள் கூடாரம், லொறியில் கொடி, பாண்ட் வாத்தியம். முதல் அரைமணி நேரத்தில் விழும் விக்கெட்டுகளுக்குப் பந்துவீச்சாளன் மட்டும் பொறுப்பில்லை. 2020 மார்ச்சில், ஊரடங்குகளுக்குச் சில நாள் முன்பு, நாங்கள் நான்கு பேரும் நேரில் போய் 114ஆவது ஆட்டத்தைப் பார்த்தோம். என் வாழ்க்கையில் ஒரே முறை. மைதானம் சென்றலுடையது, நூலகத்துக்கு அருகில். 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்ட அதே பொது நூலகம். கோட்டையும் கூப்பிடு தூரம்தான். பவுண்டரிக்குப் போன பந்தை எடுக்க ஓடிய சிறுவனை எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்தியது ஞாபகம் இருக்கிறது. மாமா அங்கே என்னை யார் யாருக்கோ அறிமுகம் செய்தார். "என்ரை மருமகள். தேப்பன் ஜோனியன், அதுக்கு என்ன செய்யிறது." சொல்லப்பட்டவர்கள் உண்மையாகவே இரக்கப்பட்டார்கள்.

மூன்றாவது, வெயில். மார்ச்சில் யாழ்ப்பாணம் காய்ந்து கிடக்கும். வேகப்பந்துப் பையன்கள் இரண்டாம் நாள் மதியத்தோடு களைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் சுழற்பந்துக்காரனின் நாள். சென்றலுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. விஜயகாந்த் வியாஸ்காந்த் அங்கே படித்த லெக் ஸ்பின்னர். 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கும், 2024 மே மாதம் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஐதராபாத்துக்கும் விளையாடினார். அவர் ஐபிஎல்லில் இறங்கிய அன்று மாமா அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் சிரித்துவிட்டு வைத்தார். அப்பாவுக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை; ஆனால் நாலு ஓவரையும் விடாமல் பார்த்தார்.

அலுவலகத்தில் பாஸ்டன் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் ஊரில் நான்கு கல்லூரிகள் பிப்ரவரி மாதத்தின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் ஐஸ் ஹாக்கி ஆடும். பீன்பாட் என்று பெயர், 1952இலிருந்து. வருடம் முழுக்கத் தோற்றாலும் அந்த இரண்டு திங்களில் வென்றால் போதும் என்பார். ஜூரோங் ஈஸ்ட் ஜேக்யூப்பில் இருந்த பனித்தளம் 2023இல் மூடப்பட்டபோது உறவினர் வீட்டுத் துக்கம்போல இருந்தார். வெயிலில் மூன்று நாள் நின்று, தேநீருக்கு இடைவேளை விட்டு, கடைசியில் யாரும் வெல்லாமல் போகிற ஒன்றை எதற்குப் போர் என்கிறீர்கள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐஸ் ஹாக்கியில் கைகலப்புக்கே தண்டனைப் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு நான் சொல்லாத ஒரு பகுதி உண்டு.

அப்பா படித்த கடைசி வருடங்களில் சென். ஜோன்ஸின் அதிபர் சி.இ. ஆனந்தராஜன். 1976இல் பொறுப்பேற்றவர். 1985இல் போர்நிறுத்தம் வந்தபோது யாழ்ப்பாணப் பள்ளி மாணவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையே ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார். அது துரோகம் என்று தீர்ப்பாயிற்று. அந்த வருடம் ஜூன் 26ஆம் திகதி அவரைச் சுட்டுக்கொன்றார்கள். சுட்டது புலிகள் இயக்கம் என்றே யாழ்ப்பாணம் அறியும். அப்போது சத்தமாகச் சொல்ல முடியாது. இப்போதும் சில வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

செய்தி சிராங்கூன் சாலை அறைக்கு வந்த இரவைப் பற்றி அப்பா ஒரே ஒருமுறைதான் பேசியிருக்கிறார். "உன்ரை மாமா அண்டைக்கு ஒரு பகிடியும் விடேல்லை. விடிய விடிய வாசற்படியிலை இருந்தவர். எங்கடை அதிபர் பிள்ளை, அவைட பள்ளிக்கூடம் இல்லை." இவ்வளவுதான் சொன்னார். நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். எதிரில் ஆள் நிறுத்தி ஆடுவதே குற்றம் என்று ஒரு காலம் வந்தது. மறுபக்கம் என்று ஒன்று இருப்பதை ஒத்துக்கொண்டவன் செத்தான். அந்த இரவில் மறுபக்கத்துக்காரர் ஒருவர் வாசலில் இருந்தது அப்பாவுக்கு என்னவாக இருந்தது என்று என்னால் முழுக்கச் சொல்ல முடியாது. அவர்களுடைய நாற்பது வருடச் சண்டையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்பது மட்டும் தெரியும்.

மாமா போன நவம்பரில் போய்விட்டார். மண்டாய்க்குக் கொண்டுபோன அன்று அப்பா, யாரும் சொல்லாமலேயே, மாமாவின் நீலச் சால்வையை எடுத்து வைத்தார்.

இந்த வருட ஆட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அப்பா பேச்சையே எடுக்கவில்லை. பின்னேரங்களில் பாசிர் ரிஸ் பூங்காக் கடற்கரைக்குப் போய் உபின் தீவைப் பார்த்தபடி இருந்துவிட்டு வருகிறார். போன ஞாயிறு திரும்பி வந்தவர், இரண்டு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார்.

"பிள்ளை, சென்றலுக்கு நீ எழுது."

"நான் ஜோனியன்ரை மகளெல்லோ அப்பா."

"சென்றல்காரன்ரை மருமகளும்தானே. ஒருத்தரும் எழுதாட்டில் நான் ஆரோடை அடிபடுறது?"

அதனால்தான் கடந்த ஐந்து நாளாகப் பச்சை ரயிலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாசிர் ரிஸ் கடைசி நிலையம் என்பதால் காலையில் இருக்கை நிச்சயம். ராஃபிள்ஸ் பிளேஸ் வருவதற்குள் இந்தப் பருவத்து ஸ்கோர் அட்டைகளில் நாலைந்து பார்த்துவிடலாம். பள்ளிக் கிரிக்கெட்டில் போன வருடத்து வீரன் இந்த வருடம் பல்கலைக்கழகத்திலோ கனடாவிலோ இருப்பான். பெயர்களை நம்ப முடியாது. தொடர்ந்து இரண்டாவது வருடம் ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். முதல் மூன்று பேர் விழுந்தால் ஆறாவது ஏழாவது ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் எழுதியது இது: நாணயம் எங்களுக்கு விழுந்தால் துடுப்பெடுக்க வேண்டும். பாண்ட் சத்தத்துக்குள் முதல் ஒரு மணி நேரத்தை இரண்டு விக்கெட்டுக்கு மேல் இழக்காமல் தாண்ட வேண்டும். வெள்ளிக்கிழமை தேநீருக்கு முன் டிக்ளேர் செய்யத் தலைவனுக்கு நெஞ்சு வேண்டும். மூன்றாம் நாள் பந்து சுழற்பந்துக்காரனிடம் போக வேண்டும். 'எங்களுக்கு' என்று எழுதிவிட்டு அடிக்கப் போனேன், பிறகு அப்படியே விட்டேன்.

வியாழனும் வெள்ளியும் விடுப்புக் கேட்டுவிட்டேன். காரணம் என்ற இடத்தில் குடும்ப நிகழ்வு என்று போட்டேன். அங்கே காலை பத்து என்றால் இங்கே பன்னிரண்டரை; அம்மாவின் சமையல் முடிந்திருக்கும். நேரலையைத் தொலைக்காட்சியில் போடுவதற்கான வயரை நேற்று வாங்கி வந்தேன். நீலச் சால்வை எங்கே என்று அம்மாவிடம் கேட்டதற்கு, துவைத்துக் காயப்போட்டிருப்பதாகச் சொன்னார்.

இன்று காலை உறையை ஒட்டும்போது அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"இவ்வளவு தடிப்பா இருக்கு. மாமா ரெண்டு சொல்லுத்தானே எழுதுறவர்."

"அதுவும் இருக்கு அப்பா. கடைசி வரியிலை."

"என்னெண்டு?"

"சனிக்கிழமை பின்னேரம் பாருங்கோ."