சத்து டப்பாவோடு பிரிக்பீல்ட்ஸ் வரை

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவன் இருப்பான். விடுமுறைக்கு வரும்போது வாளி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பாவையும் தூக்கிக்கொண்டு வருவான். உள்ளே பால்மாவு போல ஒரு தூள். "என்னடா இது?" என்று கேட்டால், "உடம்பு ஏத்துறதுக்கும்மா" என்பான்.

எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு பிள்ளை. என்னிடம் படித்தவன். வயது 22. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை. அவன் அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்திக் கண் கலங்கினார்.

"டீச்சர், மூணு மாசமா பையன் காசு அனுப்பலை. ஏதோ டப்பா வாங்கிக் குடிக்கிறானாம். போதை கீதையா இருக்குமோன்னு பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கவலைப்படாதீங்க அக்கா, நான் நேரிலேயே போய்ப் பார்க்கிறேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்விட்டேன். தெங்கு கிளானா சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூமாலைக் கடையும் புடவைக் கடையும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையும் நெருங்கி நிற்கும் தெரு அது. பையன் எனக்காகக் காத்திருந்தான். கையில் அந்த டப்பா.

"டீச்சர், இது போதைப் பொருள் இல்லை. எடை கூட்டுற மாவு. வேலை இடத்துல எல்லாரும் என்னை ஒல்லிக்குச்சின்னு கேலி பண்றாங்க" என்றான். ஒரு டப்பா ஏறக்குறைய 250 வெள்ளியாம். மாதம் ஒன்று தீர்ந்துவிடுமாம். வீட்டுக்குப் போக வேண்டிய பணம் போன வழி எனக்குப் புரிந்தது.

"எடை கூடியிருக்கிறதா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "தொப்பைதான் லேசா வந்திருக்கு. பிரிக்பீல்ட்ஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஜிம் மாஸ்டர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட போய்க் கேட்போமா டீச்சர்?"

செங்கல் சூளை இருந்த ஊர்

கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினோம். ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று நிலையங்களைத் தாண்டி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் பிரிக்பீல்ட்ஸ்.

போகும் வழியில் அந்த ஊரின் கதையைப் பையனுக்குச் சொன்னேன். 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரப்பலகையுமாக இருந்த பட்டணத்தைச் செங்கல்லால் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. அதற்கான சூளைகள் இந்தப் பக்கத்தில் எழுந்ததால் வந்த பெயர்தான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வே வந்தது. அதோடு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நம்மவர்கள் வந்து குடியேறினார்கள். 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் இன்றும் துன் சம்பந்தன் சாலையில் நிற்கிறது. 2010-இல் இந்தத் தெருக்களுக்கு லிட்டில் இந்தியா என்று பெயர் சூட்டி அலங்கார வளைவுகள் வைத்தார்கள்.

ஒரு கடைவீட்டின் மாடியில் ஜிம். சுவரில், மிஸ்டர் ஆசியா பட்டத்தை 6 முறை வென்ற நம் நாட்டு மாலேக் நூரின் படம். மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். டப்பாவை வாங்கி, முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தார்.

"தம்பி, ஒரு வேளைக்கு 150 கிராம் தூள் போடச் சொல்லுது. அதுல புரதம் 30 கிராம்தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் 110 கிராமுக்கு மேல. நீ 250 வெள்ளி கொடுத்து வாங்கினதுல பெரும்பாகம் இனிப்பு மாவு!"

வே புரோட்டீன் என்று தனியாக விற்கும் தூள் வேறு என்று விளக்கினார். பாலில் எலுமிச்சை பிழிந்தால் கட்டி ஒதுங்கி, மஞ்சள் கலந்த தண்ணீர் பிரியுமே, சீஸ் செய்யும் ஆலையில் அப்படிப் பிரியும் நீரிலிருந்து எடுத்துக் காயவைத்த புரதம்தான் அது. முன்பெல்லாம் அந்த நீரைக் கீழே கொட்டுவார்கள், பன்றிக்கும் வைப்பார்கள். ஒரு கரண்டித் தூளில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். "அது விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை. அதுவும் ஒரு சாப்பாடு. சமைக்க நேரமில்லாதவனுக்கு வசதி, அவ்வளவுதான்" என்றார்.

அந்த இடத்தில் எனக்குள்ளிருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். "செங்கல் ஊரில் நின்று கேட்கிறேன், சொல்லு தம்பி. லாரி லாரியாகச் செங்கல் வந்து குவிந்தால் வீடு எழும்பிவிடுமா?"

"கொத்தனார் வேணும் டீச்சர்."

"புரதம் செங்கல். உடற்பயிற்சி கொத்தனார். சோறும் எண்ணெயும் தருகிற சக்தி அவருக்குக் கூலி. வேலை நடக்கும் நேரம் உன் தூக்கம். நீ எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?"

இரவு வேலை முடித்து நாலு மணி நேரம் தூங்குகிறானாம். வாரத்துக்கு ஒரு நாள்தான் ஜிம். மாஸ்டர் சிரித்துவிட்டார். தேவைக்கு மேல் போகும் புரதம் தசையாக மாறாது. உடம்பு அதை எரித்துவிடும் அல்லது கொழுப்பாக்கும், கழிவு சிறுநீரில் போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தத் தூளைத் தொடக்கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு எடை கூட்டும் இனிப்பு மாவு ஆகவே ஆகாது.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். சீட்டு ஒட்டாத தூளையோ, "ஒரே மாதத்தில் உடம்பு" என்று கைமாறும் மாத்திரையையோ ஊசியையோ வாங்கவே கூடாது. அவற்றில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது கல்லீரலையும் இருதயத்தையும் கெடுக்கும், ஆண்மையையும் குறைக்கும். சத்து மாத்திரை என்று விற்கப்படுவதில் MAL என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கிள்ளானில் போட்ட கணக்கு

மாலையில் கிள்ளானுக்குத் திரும்பினோம். ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பென்சிலை அவன் கையில் கொடுத்தேன். அவன் எடை 55 கிலோ. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவனுக்கு அது ஏறக்குறைய 46 கிராம். பளு தூக்கித் தசை வளர்ப்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பயன்படும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் 88 கிராம்.

இனி சாப்பாடு. முட்டை 3, புரதம் 18 கிராம். பால் ஒரு குவளை, 8. சமைத்த கோழி 100 கிராம், 27. பருப்பு ஒரு பெரிய கிண்ணம், 15. தெம்பே 100 கிராம், 19. மூன்று கிண்ணம் சோறு, 12. கூட்டிப் பார்த்தவன் நிமிர்ந்தான். "99 வருது டீச்சர்!"

கோழி வாங்க முடியாத நாளில் நெத்திலியும் நிலக்கடலையும் அவித்த கொண்டைக்கடலையும் இருக்கின்றன. புரதத்துக்குப் புரதம் கணக்குப் பார்த்தால் அந்த டப்பாவைவிட முட்டை எவ்வளவோ மலிவு. எடை ஏற, வழக்கமாகச் சாப்பிடுவதோடு நாளுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலாகப் போதும். வாரத்துக்கு கால் கிலோ, அரைக் கிலோ ஏறினால் நல்ல ஏற்றம். தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி எழுவது, பளு தூக்குவது: ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு முறையாவது வேலை கொடுத்து, பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

கூட்டுவது எப்படி என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கினானாம். 1934-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து இன்று நம் வீடுகளில் இருக்கும் மைலோ பானத்துக்கு அவன் பெயரைத்தான் வைத்தார்கள். பானத்தைக் குடித்தோம்; கன்றுக்குட்டியை மறந்துவிட்டோம்!

"எங்க காலத்துல காலி டின்னுல சிமெண்ட்டை ஊத்தி, இரும்புக் குழாயோட ரெண்டு முனையிலயும் மாட்டித் தூக்குவோம். டப்பாவால உடம்பு வந்துச்சுன்னா அப்படித்தான் வந்துச்சு" என்று பிரிக்பீல்ட்ஸ் மாஸ்டர் சொன்னதை நினைத்து இருவரும் சிரித்தோம்.

பஸ் ஏறும் முன் அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "அம்மா, இந்த மாசத்திலேருந்து காசு அனுப்புறேன். லீவுக்கு வரும்போது முட்டை வாங்கி வைங்க" என்றான். அந்தப் பக்கத்தில் பேச்சே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டியாய்யா?" என்ற குரல் மட்டும் கேட்டது.

பெற்றோர்களே, பிள்ளை கையில் டப்பாவைக் கண்டால் திட்டாதீர்கள். பின்பக்கத்துச் சீட்டை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். பிறகு அவன் தட்டில் ஒரு முட்டையைக் கூட வையுங்கள்.